ஏணி போட்டுத் தாண்டிய மூலை: அமெரிக்க மாநிலங்களின் பொதுநிலமும் பொருளாதாரமும்

வயோமிங் மாநிலத்தின் தெற்கில் எல்க் மவுண்டன் என்றொரு மலை. 2021இல் மிசூரியிலிருந்து நான்கு பேர் அங்கே வேட்டைக்கு வந்தார்கள். வேட்டைச் சாமான்களோடு ஓர் இரும்பு ஏணியையும் தயார் செய்து கொண்டுவந்திருந்தார்கள். பாறை ஏற அல்ல. நான்கு நிலத்துண்டுகள் கூடும் ஒரு மூலையைத் தாண்ட.

சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டங்கள் எல்லாம் அரசின் பொதுநிலம். யாரும் போகலாம், வேட்டையாடலாம். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ஒரு பண்ணைக்காரருடையவை. ஒரு கறுப்புக் கட்டத்திலிருந்து இன்னொரு கறுப்புக் கட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் மூலைவிட்டமாக, நான்கும் தொடும் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக முடியும். முந்தைய ஆண்டு அவர்களில் சிலர் வந்தபோது பண்ணைத் தரப்பில் அந்த மூலையில் இரண்டு கம்பங்களை நட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் வேலி எதுவும் கிடையாது. மூலையில் மட்டும் சங்கிலி. அதனால்தான் மறுவருடம் ஏணி. ஒரு காலை இந்தப் பொதுநிலத்தில், மறு காலை எதிர்மூலைப் பொதுநிலத்தில் ஊன்றி ஏறி இறங்கினார்கள். தனியார் மண்ணில் செருப்புக்கூடப் படவில்லை. ஆனால் தோள்பட்டை தனியார் நிலத்துக்கு மேலே இருக்கும் காற்றைக் கடந்துவிட்டதே! வழக்கு அதற்குத்தான்.

2022இல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. நில உரிமையாளர் அதோடு நிற்கவில்லை, தனியாக உரிமையியல் வழக்கும் போட்டிருந்தார். 2023இல் ஃபெடரல் (நடுவண் அரசின்) நீதிபதி வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பொதுநிலத்துக்குப் போகும் வழியை வேலிபோட்டு மறிக்கக் கூடாது என்று 1885இல், மாட்டுப் பண்ணை முதலாளிகளின் காலத்தில், போட்ட ஒரு பழைய சட்டம் இந்த வழக்கில் உயிர்பெற்று எழுந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது.

இந்த வழக்கில் எனக்குச் சுவாரசியமாகத் தோன்றியது காற்று யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இல்லை. நஷ்ட ஈடாகக் கேட்ட தொகைதான். மூலையைத் தாண்ட எல்லோரையும் விட்டால் பண்ணையின் விலை விழுந்துவிடும், அந்த நஷ்டம் 70 லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்கள். அதாவது, யாராலும் நுழைய முடியாத பொதுநிலம் பக்கத்துத் தனியார் நிலத்தின் விலைக்குள்ளே ஏற்கெனவே கலந்துவிட்டது. பத்திரத்தில் இல்லாத நிலத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கியவர் விலை கொடுத்திருக்கிறார். மொன்டானாவைச் சேர்ந்த ஆன்எக்ஸ் என்ற வரைபடச் செயலி நிறுவனம் 2022இல் எண்ணிப் பார்த்தபோது, இப்படி மூலைகளால் மட்டும் அடைபட்டுக் கிடக்கும் பொதுநிலம் மேற்கு மாநிலங்களில் 83 லட்சம் ஏக்கர் என்று தெரிந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான், பொதுநிலம் அதிகம் உள்ள மாநிலம் செழிக்கிறதா, முடங்குகிறதா என்ற பெரிய கேள்விக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மேற்கில் இது அரைநூற்றாண்டாக ஓயாத சண்டை. ‘எங்கள் நிலத்தில் பாதிக்கு மேல் வாஷிங்டன் உட்கார்ந்திருக்கிறது, வரி போட முடியவில்லை, வீடு கட்ட முடியவில்லை’ என்பது ஒரு கட்சி. ‘எங்கள் பொருளாதாரமே அந்தக் காட்டாலும் மலையாலும்தான் ஓடுகிறது’ என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே மாநிலங்களைப் பட்டியல் போட்டுத்தான் வாதாடுகிறார்கள்.

முதலில் பட்டியலைப் பார்க்கலாம். அமெரிக்காவின் மொத்தப் பரப்பு 227 கோடி ஏக்கர். அதில் 64 கோடி ஏக்கர், அதாவது 28 சதவீதம், ஃபெடரல் அரசிடம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல இருபது மடங்கு. இதில் நில மேலாண்மைப் பணியகத்திடம் 24 கோடிக்கு மேல், வனத்துறையிடம் 19 கோடி, மீதியில் பெரும்பகுதி வனவிலங்குத் துறையிடமும் தேசியப் பூங்காத் துறையிடமும். ஆனால் இது நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. நெவாடாவில் ஏறத்தாழ 80 சதவீதம், யூட்டாவில் 63, ஐடஹோவில் 62, ஆரிகனில் 53. வயோமிங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கிழக்கே போனால் ஐயோவாவிலும் கனெக்டிகட்டிலும் அரை சதவீதம்கூட இல்லை. டெக்சஸில் 2 சதவீதத்துக்கும் கீழே.

ஏன் இப்படி? பதில் மழையில் இருக்கிறது. 1785ஆம் ஆண்டின் சட்டம் அரசு வசமிருந்த மேற்கு நிலத்தை ஒரு மைல் சதுரத் துண்டுகளாக அளக்கச் சொன்னது. ஒரு துண்டு 640 ஏக்கர். 1862இல் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்து வருடம் உழுது குடியிருந்தால் 160 ஏக்கர் இலவசம் என்றது. அந்தச் சட்டத்தால் மட்டும் 27 கோடி ஏக்கர் மக்கள் கைக்குப் போனது. ஐயோவாவில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நெவாடாவில் அதே 160 ஏக்கரில் நாலு மாடுகூட மேயாது. நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், வறண்ட பகுதியில் மேய்ச்சல் பண்ணை நடத்த 2,560 ஏக்கர் வேண்டும் என்று சொல்லிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்றோரத் துண்டுகளை மட்டும் மக்கள் எடுத்துக்கொண்டார்கள். மேட்டு நிலம் யாரும் கேட்காமல் அரசிடமே தங்கியது. இலவசமாகக் கொடுத்தும் யாரும் வாங்காத நிலம்தான் இன்றைய பொதுநிலத்தின் பெரும்பகுதி. 1976இல்தான் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இனி நிலத்தை அள்ளிக் கொடுப்பதில்லை, வைத்துக்கொள்வதுதான் கொள்கை என்று சட்டமாகவே எழுதியது.

சதுரங்கப் பலகை வந்த கதையும் அந்த 1862ஆம் ஆண்டில்தான் தொடங்குகிறது. பசிபிக் வரை தண்டவாளம் போட்ட கம்பெனிகளுக்குப் பணத்துக்குப் பதிலாகப் பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகத் துண்டுகளைக் கொடுத்தார்கள். ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும், நம்மிடம் மிஞ்சிய துண்டுகளை இரண்டு மடங்குக்கு விற்றுக் கொடுத்ததை ஈடுகட்டிவிடலாம் என்பது அரசின் கணக்கு. வயோமிங்கில் வாங்க ஆள் வரவில்லை. கணக்குத் தப்பியது, கட்டங்கள் அப்படியே நின்றுவிட்டன.

டெக்சஸ் கதை தனி. அது 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது ஒரு சுதந்திர நாடாக வந்து சேர்ந்தது. தன் நிலத்தைத் தானே வைத்துக்கொள்வதாகப் பேசிக்கொண்டது. அதனால்தான் அங்கே ஃபெடரல் நிலம் அரிது. டெக்சஸ்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலையைக் கடைசியில் பார்ப்போம்.

சரி, இந்தச் சதவீதங்களைப் பொருளாதாரத்தின் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? ஒன்றும் தெரிவதில்லை. 2010க்கும் 2020க்கும் இடையே மக்கள்தொகை வேகமாக வளர்ந்த மூன்று மாநிலங்கள்: யூட்டா 18.4 சதவீதம், ஐடஹோ 17.3, டெக்சஸ் 15.9. முதல் இரண்டிலும் பாதிக்கு மேல் ஃபெடரல் நிலம். மூன்றாவதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நிலம் வாஷிங்டனிடம் இருப்பதால் மாநிலம் முடங்குகிறது என்று அடிக்கடி முறையிடுவது யூட்டாதான். அதே யூட்டாவில் வறுமை விகிதம் 9 சதவீதத்தை ஒட்டி, நாட்டிலேயே குறைவானவற்றுள் ஒன்று. அதன் தென்கிழக்கு மூலையில் இடித்துக்கொண்டு நிற்கும் நியூ மெக்சிகோவில் மூன்றில் ஒரு பங்கு ஃபெடரல் நிலம். வறுமை 18 சதவீதத்தை ஒட்டி. பொதுநிலம் அதிகமானால் வறுமை என்றால் யூட்டா அல்லவா ஏழையாக இருக்க வேண்டும்? சரி, தனியார் நிலம்தான் செழிப்பு என்றால் மிசிசிப்பியையும் மேற்கு வர்ஜீனியாவையும் என்ன செய்வது? இரண்டிலும் ஃபெடரல் நிலம் பத்து சதவீதத்துக்குக் கீழே. மேற்கு வர்ஜீனியா அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகையையே இழந்தது.

மாநிலச் சராசரி இதில் ஏமாற்றும். நெவாடா மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லாஸ் வேகாஸ், ரீனோ என்ற இரண்டு நகரப் பகுதிகளைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அவர்கள் வருமானத்துக்கும், நூறு மைல் தள்ளிக் கிடக்கும் செடிப்புதர்க் காட்டுக்கும் நேரடி உறவு குறைவு. ஆகவே மாநிலத்தை விட்டு கவுண்டிக்கு இறங்க வேண்டும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி, ஆனால் சொத்து வரி வாங்கித் தானே காவலும் சாலையும் பார்க்கும் அமைப்பு. பொதுநிலத்தின் வலி எங்காவது உண்மையில் தெரிகிறது என்றால் அது இங்கேதான். ஃபெடரல் நிலத்துக்கு உள்ளூர் யாரும் வரி போட முடியாது. காட்டுக்குள்ளே ஒருவர் வழி தவறிவிட்டால் தேடிப் போவதோ ஷெரிஃப் என்ற கவுண்டிக் காவல் தலைவர்.

இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. 1908 சட்டப்படி தேசிய வனங்களின் வருமானத்தில் கால் பங்கு உள்ளூர்ப் பள்ளிக்கும் சாலைக்கும். 1920 சட்டப்படி எண்ணெய், எரிவாயு, நிலக்கரி எடுப்பவர்கள் கட்டும் ராயல்டியில் பாதி மாநிலத்துக்கு. 1976இல் வந்தது வரிக்கு ஈடான தொகை. ஆண்டுதோறும் காங்கிரஸ் ஒதுக்குவது, 2024இல் அது 62 கோடி டாலர். காகிதத்தில் நியாயமாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் முதல் இரண்டும் ஒரு விசித்திரமான பாடத்தைக் கவுண்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தன: மரம் வெட்டினால் பணம், தோண்டினால் பணம், சும்மா விட்டால் இல்லை.

ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் ஜோசபின் கவுண்டி இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தது. மரப்பணம் தாராளமாக வந்த காலத்தில் சொத்து வரியை ஆயிரம் டாலருக்கு 58 சென்ட் என்று வைத்துக்கொண்டது. மாநிலத்திலேயே குறைவு அது. 1990இல் பழங்காட்டில் வாழும் புள்ளி ஆந்தை அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது, 1994இல் அந்தக் காட்டைக் காக்க வடமேற்கு வனத் திட்டம் வந்தது. அந்த வட்டாரத்தின் ஃபெடரல் காடுகளில் மரம் வெட்டுவது முந்தைய உச்சத்திலிருந்து 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் 2000இல் காங்கிரஸ் தற்காலிக மானியம் கொடுத்தது. அது வருவதும் நிற்பதுமாக இழுத்துக்கொண்டே இருந்தது. 2012இல் மானியம் வற்றியபோது, வரியை ஏற்றலாமா என்று வாக்கெடுத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள், சிறையிலிருந்து கைதிகளையும் வெளியே விட்டார்கள். ஆந்தையைத் திட்டினார்கள், வாஷிங்டனைத் திட்டினார்கள். 58 சென்ட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அதே ஆரிகனில், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியும் நிலத்தில் பெரும்பகுதி பொதுநிலம்தான். அதுவும் மர ஆலை ஊர்தான்; அங்கேயும் ஆலைகள் மூடின. 1990இல் 20 ஆயிரம் சொச்சம் பேர் இருந்த ஊரில் 2020இல் 99 ஆயிரம் பேர். ஊர் எல்லையை விரித்ததும் இதில் ஒரு பங்கு என்றாலும், வளர்ச்சி கண்கூடு. பழைய ஆலை வளாகத்தின் மூன்று புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் அடியில் ஆர்.இ.ஐ. என்ற மலையேற்றச் சாமான் கடை வந்தது. மர ஆலை நடந்த இடத்தில் முதுகுப்பை விற்றார்கள்.

இரண்டு இடத்துக்கும் மாநிலம் ஒன்று, சட்டம் ஒன்று, ஆந்தையும் ஒன்று. பெண்ட்டுக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருந்தது, வனத்துறை நிலத்தில் குத்தகைக்கு நடக்கும் பெரிய பனிச்சறுக்கு மலை இருந்தது, கலிபோர்னியாவில் வீட்டை விற்றுவிட்டுக் காசோடு வந்த ஓய்வுபெற்றவர்கள் இருந்தார்கள். பொதுநிலம் அதனிடம் இருந்த எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டியது. ஜோசபினில் பெருக்குவதற்கு அவ்வளவு இல்லை. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. இந்த விஷயத்தில் நான் நம்புவது இவ்வளவுதான்: பொதுநிலம் தானாக ஒரு மாநிலத்தை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை, அதிலிருந்து வரும் பலன் யார் கணக்கில் ஏறுகிறது என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்படித் தேட பெர்மியன் எண்ணெய்ப் படுகையை விட நல்ல இடம் கிடையாது. பூமிக்கடியில் ஒரே பாறை. மேலே மாநில எல்லை குறுக்கே போகிறது. மேற்கே நியூ மெக்சிகோவின் லீ, எடி கவுண்டிகள். அங்கே நிலத்தில் பெரும்பங்கு ஃபெடரல் அரசுடையதும் மாநிலத்துடையதும். கிழக்கே டெக்சஸ்; பெரும்பாலும் தனியார், ராயல்டி குடும்பங்களுக்கும் கம்பெனிகளுக்கும் போகும். ஆனால் டெக்சஸிலும் ஒரு பொதுநிலம் ஒளிந்திருக்கிறது. 1876 அரசியல் சாசனமும் 1883 சட்டமும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கென்று மேற்கு டெக்சஸில் 20 லட்சம் ஏக்கர் ஒதுக்கின. அப்போது அது ஒன்றுக்கும் உதவாத பொட்டல். 1923இல் சாண்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. இன்று டெக்சஸ் பல்கலைக்கழகமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் பணக்காரப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் நிற்பதற்கு அந்தப் பொட்டல்தான் காரணம். ‘டெக்சஸில் பொதுநிலம் இல்லை’ என்ற பேச்சில் இது விழுங்கப்பட்டுவிடும்.

நியூ மெக்சிகோவுக்கு வந்த எண்ணெய்ப் பணம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அந்த மாநிலம் நெடுங்காலம் ஏழையாகவே இருந்தது. பணம் மாநிலத்தின் நிரந்தர நிதியில் சேர்ந்துகொண்டே போனது, ஆண்டுதோறும் ஒரு வரம்புக்கு மேல் எடுத்துச் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 2022இல் வாக்காளர்கள் அரசியல் சாசனத்தைத் திருத்தி, நிதியிலிருந்து கூடுதலாக ஒன்றேகால் சதவீதம் எடுத்துக் குழந்தைகளுக்கும் பள்ளிகளுக்கும் செலவழிக்கலாம் என்றார்கள். 2025 நவம்பரில் வருமான வரம்பு இல்லாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் இலவசக் குழந்தைப் பராமரிப்பு தொடங்கியது. இப்படிச் செய்த முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். வறுமை விகிதத்தில் இது தெரிய ஒரு தலைமுறை ஆகலாம். மாநில ஒப்பீட்டுப் பட்டியல்கள் அவ்வளவு பொறுமையானவை அல்ல.

அப்புறம், நிலத்தை மாநிலத்திடம் கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி. வேடிக்கை என்னவென்றால், ஒருமுறை கொடுக்கவே வந்தார்கள். ஹூவர் ஜனாதிபதியாக இருந்தபோது மேற்கு மாநிலங்களுக்கு மேய்ச்சல் நிலத்தின் மேல்மண்ணைத் தருவதாகச் சொன்னார். கனிமம் மட்டும் வாஷிங்டனிடம் இருக்கும். யூட்டா ஆளுநர் ஜார்ஜ் டெர்ன் உட்படப் பலர் முகம் சுளித்தார்கள். தோலை மட்டும் கொடுத்துப் பழத்தை வைத்துக்கொள்வதா என்று. 1979இல் நெவாடா சட்டமன்றம் அந்த நிலம் முழுக்கத் தன்னுடையது என்று சட்டம் போட்டது. 2012இல் யூட்டா, இரண்டு வருடத்துக்குள் நிலத்தைக் கொடு என்று கெடு விதித்தது. கெடு முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

யூட்டா ஒரு நல்ல காரியம் செய்தது. கைக்கு வந்தால் கட்டுப்படியாகுமா என்று மூன்று பல்கலைக்கழகங்களின் பொருளியலாளர்களைக் கணக்குப் போடச் சொன்னது. 2014 கடைசியில் அறிக்கை வந்தது. நிர்வாகச் செலவு ஆண்டுக்கு 28 கோடி டாலர் ஆகும். எண்ணெய் விலை உயரத்திலேயே நின்று, மாநிலம் தன் பங்கைக் கறாராக வாங்கினால் தேறும் என்றது. அறிக்கை வந்த நேரத்திலேயே விலை சரிந்துகொண்டிருந்தது. சில மாதங்களில் பீப்பாய் 50 டாலருக்குக் கீழே போய்விட்டது. இதில் காட்டுத்தீ மோசமாகப் பற்றும் ஒரு வருடத்தையும் சேர்த்துக்கொண்டால் மாநில பட்ஜெட் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். 2024இல் யூட்டா 1.85 கோடி ஏக்கருக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது.

மாநிலங்கள் நிலத்தை வைத்துக்கொள்ளுமா என்பதற்கும் பழைய சாட்சி உண்டு. மாநில அந்தஸ்து கொடுத்தபோதே ஒவ்வொன்றுக்கும் பள்ளிகளின் பெயரில் துண்டுகள் ஒதுக்கியிருந்தார்கள். 1880இல் நெவாடா தன் பங்கைத் திருப்பிக் கொடுத்து, பிடித்த இடத்தில் தேர்ந்தெடுத்துக்கொள்ள 20 லட்சம் ஏக்கர் வாங்கியது. நல்ல நிலமாகப் பார்த்து எடுத்தது, விற்றது. இன்று மிச்சம் ஏறத்தாழ 3,000 ஏக்கர். யூட்டாவும் தனக்குக் கிடைத்ததில் பாதிக்கு மேல் விற்றுவிட்டது. இதனால்தான் மேற்கின் வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும், அவர்களில் பலர் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான், நில மாற்றம் என்றதும் சிலிர்த்துக்கொள்கிறார்கள். 2025 ஜூனில் யூட்டா செனட்டர் மைக் லீ, 20 முதல் 30 லட்சம் ஏக்கரை வீட்டுமனைக்காக விற்கும் பிரிவு ஒன்றைப் பட்ஜெட் மசோதாவில் நுழைத்தார். பதினொரு மேற்கு மாநிலங்கள் பட்டியலில். மொன்டானாவுக்கு மட்டும் விலக்கு. எதிர்ப்பு கிளம்பியது சூழலியலாளர்களிடமிருந்து மட்டுமில்லை, துப்பாக்கி வைத்திருப்பவர்களிடமிருந்தும். மாதம் முடிவதற்குள் அவரே அதை வாபஸ் வாங்கினார்.

விற்பதே பாவம் என்று சொல்ல முடியாது. லாஸ் வேகாஸைச் சுற்றி 1998 சட்டப்படி ஓர் எல்லைக்கோடு போட்டு, அதற்குள் இருக்கும் ஃபெடரல் நிலத்தை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பணத்தில் 5 சதவீதம் மாநிலக் கல்விக்கு, 10 சதவீதம் குடிநீருக்கு, மீதி 85 சதவீதம் நெவாடாவின் பூங்காக்களுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும். பணம் மாநிலத்தை விட்டு வெளியே போகாது. இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்கள் குறைவு என்பதில் வியப்பில்லை.

இனி மறுகட்சி. பொதுநிலமே பொருளாதாரம் என்பவர்கள் காட்டுவது வெளிப்புறப் பொழுதுபோக்குக் கணக்கு. வணிகத் துறையின் புள்ளிவிவரப் பிரிவு ஆண்டுதோறும் இதை வெளியிடுகிறது. 2023இல் நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம், ஏறத்தாழ 50 லட்சம் வேலைகள். சிறிய விஷயமில்லை. ஆனால் மாநில வாரியாகப் பார்த்தால் முன்வரிசையில் நிற்பவை ஹவாய், வெர்மான்ட், மொன்டானா. ஹவாயில் கடல், வெர்மான்டில் பனிச்சறுக்கு. வெர்மான்டில் ஃபெடரல் நிலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலத்தின் அளவு பேசவில்லை, ஊருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பேசுகிறது. 2020இல் ஒரு அறிவியல் இதழில் வந்த ஆய்வு, மேற்கில் தேசியச் சின்னங்கள் என்று அறிவித்துப் பாதுகாத்த நிலங்களுக்கு அருகில் வணிக நிறுவனங்களும் வேலைகளும் கூடின, சுரங்க வேலைகள் குறையவில்லை என்று கண்டது. காப்பாற்றினால் ஊர் செத்துவிடும் என்ற பயத்துக்கு அது நல்ல பதில். காப்பாற்றினால் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

அதற்கு வயோமிங்கின் டீட்டன் கவுண்டியைப் பார்க்க வேண்டும். ஜாக்சன் ஊரும் கிராண்ட் டீட்டன் பூங்காவும் இருக்கும் இடம். 97 சதவீதம் பொதுநிலம். தலைக்கு வருமானத்தில் நாட்டின் கவுண்டிகளிலேயே முதல் இடத்தில் வருவது. பட்டியல் போடுபவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அந்த வருமானத்தில் பெரும்பங்கு சம்பளம் இல்லை, பங்குச் சந்தை லாபமும் ஈவுத்தொகையும். வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது என்பதற்காகவே வீடு வாங்கி வந்தவர்களுடையது. வீடு கட்ட மிஞ்சியிருக்கும் 3 சதவீத நிலத்துக்கு என்ன விலை வரும்? ஓட்டலில் தட்டு கழுவுபவரும் பள்ளி ஆசிரியரும் மலைக்கு அந்தப் பக்கம் ஐடஹோவில் குடியிருந்து, தினமும் டீட்டன் கணவாய் ஏறி இறங்கி வேலைக்கு வருகிறார்கள். 2024 ஜூன் 8 அன்று கணவாய்ச் சாலையின் ஒரு துண்டு அப்படியே மலைச்சரிவில் இறங்கிவிட்டது. மூன்று வாரம் பாதை இல்லை. நாட்டின் பணக்காரக் கவுண்டி அத்தனை நாள் ஆள் வரத்துக்குத் திண்டாடியது.

அணுகல் என்ற சொல்லையும் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம் மஞ்சள், வனத்துறை பச்சை, மாநிலம் நீலம், தனியார் வெள்ளை. நிறத்தைப் பார்த்து எங்கே போகலாம் என்று முடிவுகட்ட முடியாது. கொலராடோவில் நீலம் என்றால் பெரும்பாலும் நுழையக் கூடாது; பள்ளிகளுக்கு வருமானம் ஈட்டும் குத்தகை நிலம் அது, தனியாக ஏற்பாடு செய்தால்தான் பொதுமக்கள் போகலாம். மொன்டானாவில் 1984இல் வந்த தீர்ப்புகளும் மறுவருடச் சட்டமும், ஆற்றின் உயர்நீர்க்கோடு வரை யாரும் நடக்கலாம், மீன் பிடிக்கலாம், கரை யாருடையதாக இருந்தாலும் சரி என்றன. பக்கத்து வயோமிங்கில் ஆற்றின் அடிமண்ணே தனியார் சொத்து. படகில் மிதக்கலாம், காலை ஊன்றினால் அத்துமீறல். மொன்டானாவில் இன்னொன்றும் உண்டு: வேட்டைக்காரர்களை உள்ளே விடும் பண்ணைக்காரர்களுக்கு மாநிலம் பணம் கொடுக்கும். இப்படித் திறந்திருக்கும் நிலம் 70 லட்சம் ஏக்கர் அளவில்.

மெய்ன் மாநிலத்தில் ஃபெடரல் நிலம் 1 சதவீதத்தை ஒட்டித்தான். காடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. ஆனால் ‘நுழையாதே’ என்று பலகை வைக்காத காட்டில் யாரும் நடக்கலாம் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். மெய்னின் வெள்ளைக் காட்டில் ஒருவர் சுற்றித் திரியும் அளவுக்கு, எல்க் மவுண்டனின் மஞ்சள் கட்டத்தில் அந்த ஏணி வரும் வரை முடியாது.

டெக்சஸ் பக்கம் திரும்புவோம். நிலம் 95 சதவீத அளவுக்குத் தனியார்; மான் வேட்டைக்கு நிலக்காரரிடம் பருவக் குத்தகை எடுப்பதுதான் வழக்கம். கிராமத்து நிலக்காரர்களுக்கு அது நல்ல வரும்படி, பொருளாதாரக் கணக்கில் கூட்டலாகவே வரும். காசில்லாதவருக்கு மாநிலப் பூங்காக்கள் இருந்தன. டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையில் ஃபேர்ஃபீல்ட் ஏரிப் பூங்கா, 1,800 ஏக்கர், 1976இலிருந்து திறந்திருந்தது. ஆனால் மண் மாநிலத்துடையதல்ல. ஒரு மின் நிறுவனம் குத்தகைக்கு விட்டது. நிலக்கரி மின் நிலையம் 2018இல் மூடியதும் நிலம் விலைக்கு வந்தது. டாலஸைச் சேர்ந்த மனை வணிக நிறுவனம் ஒன்று ஏரி உட்பட 5,000 ஏக்கரை 11 கோடி டாலருக்கு வாங்கியது. கோல்ஃப் மைதானமும் வேலியடைத்த வீடுகளும் திட்டம். 2023 ஜூனில் பூங்கா மூடியது. தனியார் சொத்துரிமைக்குப் பேர்போன மாநிலம் கட்டாயக் கையகப்படுத்தலில் இறங்கியது. அந்த நவம்பரில் வாக்காளர்கள் புதுப் பூங்கா நிலம் வாங்க 100 கோடி டாலர் நிதிக்குச் சம்மதித்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய மாதமே ஃபேர்ஃபீல்டுக்கு ஈடாகத் தர வேண்டிய தொகை 41.8 கோடி டாலர் என்று மதிப்பீட்டுக் குழு சொல்லியிருந்தது. வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. மாநிலம் முயற்சியைக் கைவிட்டது.